சினை தவறிய பசுவும் தவணை தவறிய கடனும்

சங்கத்தின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் தவணை தவறிய கடன்களின் பட்டியலைக் கண்டு கவலை கொள்வது இயல்பு. மழை பொய்த்தது, விலை வீழ்ந்தது, வீட்டில் நோய், மகளுக்குத் திருமணம் என்று அப்பட்டியலின் ஓரத்தில் காரணங்கள் எழுதப்பட்டிருக்கும். கறவை மாட்டுக்கென்று கொடுத்த கடன்களைப் பொறுத்தவரையில் இக்காரணங்களுக்கெல்லாம் முன்னே நிற்கும் காரணம் ஒன்று உண்டு. அஃது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பசு உரிய காலத்தில் சினைப்படவில்லை என்பதே அது. தவணை தவறுவதற்கு ஓராண்டு முன்னரே பசுவின் ஈற்று தவறிவிடுகிறது. பணம் வராததைக் காண்கிற நாம், கன்று வராததைக் காண்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் காங்கேயத்தை அடுத்த சிற்றூர் ஒன்றின் சங்கத்துக்கு நாம் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். நிலுவைதாரர் பட்டியலில் கைத்தறி நெய்யும் குடும்பம் ஒன்றின் பெயர் இருந்தது. செயலாளருடன் அவ்வீட்டுக்குச் சென்றபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. கட்டுத்தரை வெறுமையாய்க் கிடந்தது. “மாடு என்னாயிற்று, அம்மா?” என்று கேட்டோம். “அது வறடுங்க சார். நாலு ஊசி போட்டும் நிக்கலைங்க. தீனி போட்டு மாளாமச் சந்தைக்கு ஓட்டிட்டோமுங்க” என்றார் அந்த அம்மையார். டாக்டர் கைவிட்டுச் சோதித்துப் பார்த்தாரா என்ற கேள்விக்கு, “அப்படி ஒண்ணு இருக்குதுன்னே தெரியாதுங்க” என்பதே விடையாக வந்தது.

நான்கு முறை சினை ஊசி போடப்பட்டிருக்கிறது. அது ஏன் நிற்கவில்லை என்று ஒரு முறையாவது எவரும் பார்க்கவில்லை. வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாகக் கைமாறிய அப்பசு பக்கத்து ஊர் விவசாயி ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் கால்நடை மருத்துவரிடம் காட்டினார். கருப்பையில் இருந்த அழற்சிக்கு வைத்தியம் நடந்தது. அதன் பின் வந்த இரண்டாம் பருவத்தில் பசு சினையாயிற்று. இச்செய்தி பின்னரே நமக்குத் தெரியவந்தது. கடன் நெசவாளியின் பெயரில் நின்றது. கன்று வேறொருவர் கட்டுத்தரையில் துள்ளியது.

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளி பாவையே அறுத்து எறிவதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இழை எதுவெனத் தேடி, முடிச்சிட்டு, மேலே நெய்கிறார். பசுவின் விஷயத்தில் மட்டும் நாம் இழையைத் தேடாமல் பாவை விற்றுவிடுகிறோம். மலடு என்று விற்கப்படும் பசுக்களில் மெய்யாகவே பிறவி மலடாய் இருப்பவை சிலவே. காளைக் கன்றுடன் இரட்டையாய்ப் பிறந்த கிடாரி பெரும்பாலும் சினைப்படாது. கருப்பை வளர்ச்சி குன்றிப் பிறந்தவையும் உண்டு. ஏனையவற்றின் குறைகளோ பார்க்கத் தவறியதாலும், தீனிக் குறைவாலும், கருப்பை நோயாலும், ஊசி போட்ட வேளை பிசகியதாலும் வந்தவை. இவற்றுள் பெரும்பாலானவை தீர்க்கத் தக்கவை. ஆகவே சோதித்துப் பாராமல் எந்தப் பசுவையும் மலடு என்று சொல்லலாகாது என்பதும், அச்சோதனைக்கு வழி செய்வது சங்கத்தின் கடமை என்பதும் நம் கருத்து. அதற்குரிய காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் பருவம் அறிதல். சினையில்லாத பசு சராசரியாக 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருகிறது. அப்பருவம் ஒரு நாள் முழுவதும் கூட நீடிப்பதில்லை. கலப்பினப் பசுவுக்கு ஏறக்குறைய 12 முதல் 18 மணி நேரம். காங்கேயம் போன்ற நாட்டினத்துக்கு இன்னும் குறைவு. அதிலும் இரவிலும் விடியற்காலையிலும் பருவம் தோன்றிக் கழிந்துவிடுவது மிகுதி. கத்துதல், தீனி எடாமை, பால் குறைதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், பிற மாடுகள் மேல் ஏறுதல், பிற மாடு ஏறும்போது அசையாமல் நிற்றல், கண்ணாடி போன்ற தெளிந்த கோழை அறையிலிருந்து வழிதல் ஆகியவை அடையாளங்கள். இவற்றுள் அசையாமல் நிற்பதே உறுதியான அடையாளம். ஒற்றை மாடு கட்டியிருக்கும் வீட்டில் ஏறுவதற்கும் நிற்பதற்கும் துணை மாடு ஏது? சில பசுக்கள் கத்துவதே இல்லை. இதனை ஊமைப் பருவம் என்பர். அத்தகைய வீடுகளில் விடியலில் ஒரு முறையும் படுக்கப் போகுமுன் ஒரு முறையும் கட்டுத்தரைக்குச் சென்று, வாலையும் பின்புறத்தையும் படுத்த இடத்தையும் பார்த்தல் வேண்டும். பருவம் கழிந்த இரண்டொரு நாளில் சில பசுக்களுக்குச் சிறிது இரத்தம் கசியும். அது நோயன்று. ‘பருவம் வந்து போயிற்று, இன்னும் மூன்று வாரத்துக்குள் மறுபடி வரும், விழித்திரு’ என்று பசு சொல்லும் செய்தி அது.

பருவம் கண்டபின் வேளை தவறலாகாது. பருவம் முடிந்து ஏறக்குறைய 10 முதல் 12 மணி நேரத்துக்குப் பின்னரே சினைமுட்டை வெளிப்படுகிறது. ஆதலால் காலையில் பருவம் கண்ட பசுவுக்கு அன்று மாலையிலும், மாலையில் கண்டதற்கு மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்வது முறை. ‘வந்தவுடன் போட்டுவிடுவோம்’ என்ற அவசரமும், ‘ஞாயிறு கழியட்டும்’ என்ற சோம்பலும் ஒன்றுபோலவே நஷ்டம் தருவன. உறைவிந்தும் நுட்பமான பொருளே. அது திரவ நைட்ரஜனில் சுழிக்குக் கீழ் 196 பாகை குளிரில் இருப்பது. 37 பாகை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் உருக்கிய பின் காலம் கடத்தாமல் செலுத்தப்பட வேண்டுவது. கருவூட்டாளர் வெந்நீர் கேட்டால், கொதிக்கும் நீரையோ குழாய் நீரையோ கொடுத்து அனுப்புவது நம் முதலுக்கே நாம் செய்யும் கேடு.

அடுத்து, பருவத்துக்கே வராத பசு. இதற்குத் தலையாய காரணம் வயிறு. நம் பகுதியின் கொறங்காடு முன்னோர் அறிவின் விளைவு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர, மாடு காலார மேய்ந்து பலவகை இலையும் காயும் தின்றது. மழை பொய்த்த ஆண்டில் புல் தீய்ந்தபின் வெறும் சோளத்தட்டையே நம்பி நிற்கும் பசுவுக்கும், கட்டுத்தரையை விட்டு அகலாத கலப்பினப் பசுவுக்கும் பாஸ்பரஸ், செம்பு, துத்தநாகம் முதலிய தாதுக்கள் குறைகின்றன. உடம்பு மெலிந்தால் இயற்கை முதலில் நிறுத்திவைப்பது இனப்பெருக்கத்தையே. கன்று ஈன்றபின் பால் ஏறும் மாதங்களில் இக்குறை மிகுதியாய்த் தோன்றும். நாள்தோறும் 50 கிராம் அளவு தாது உப்புக் கலவை, ஓரளவு பசுந்தீவனம், உரிய காலத்தில் குடற்புழு நீக்கம் ஆகிய இவ்வளவே பல பசுக்களுக்கு மருந்தாகிவிடும். மாதம் ஒன்றரைக் கிலோ கலவைக்கு ஆகும் செலவையும், வீணாகும் ஒரு சினை ஊசியின் செலவையும் அங்கத்தினர்களே ஒப்பிட்டுக் கொள்க.

பருவத்துக்கு வராத பசுவுக்கு ‘ஊசி போட்டு வரவழைப்பது’ என்றொரு வழக்கம் பரவி வருகிறது. இதில் எச்சரிக்கை வேண்டும். பருவம் வராததற்கு அப்பசு முன்னமே சினையாய் இருப்பதும் ஒரு காரணம் ஆகலாம். முந்திய பருவத்தின் மஞ்சள் நிறத் திரட்டு சினைப்பையில் தங்கிப் பருவத்தைத் தடுத்தால் அதனைக் கரைக்க மருந்து உண்டு. அதே மருந்தைச் சினைப் பசுவுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தால் மருந்து வேறு. சினைப்பை செயலற்றுச் சுருங்கியிருந்தால் வழி வேறு. இவற்றை வெளியிலிருந்து கண்டறிய இயலாது. மருத்துவர் ஆசனவாய் வழியே கைவிட்டுக் கருப்பையையும் சினைப்பைகளையும் தடவிப் பார்த்தே சொல்லமுடியும். நுண்ணொலிக் கருவி கொண்டு பார்ப்பதும் இப்போது வழக்கில் வந்திருக்கிறது. சோதனை முன், ஊசி பின் என்பதே விதி.

மூன்றாவது, முறையாகப் பருவத்துக்கு வந்தும் மூன்று முறைக்கு மேல் ஊசி போட்டும் நிற்காத பசு. நம் நெசவாளியின் பசு இவ்வகையைச் சேர்ந்தது. இங்கே கோழையே சாட்சி. பருவத்தில் வழியும் கோழை தெளிந்திருந்தால் நன்று. கலங்கியோ, வெண்சீழ்த் துணுக்குகளுடனோ, நாற்றத்துடனோ இருந்தால் கருப்பையில் நோய். அப்பருவத்தில் கருவூட்டல் செய்வது வீண், வைத்தியமே செய்யவேண்டும். கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றும் கோழையிலும் அழற்சி மறைந்திருப்பது உண்டு. அதற்கும் எளிய சோதனை இருக்கிறது. சாயப் பட்டறைக்காரர்கள் அறிந்த காஸ்டிக் சோடாக் கரைசலைக் கோழையுடன் சேர்த்துச் சூடாக்கி மருத்துவர் நிறம் பார்ப்பார். மஞ்சள் நிறம் கண்டால் அழற்சி உண்டென்று கொள்வார். எம்மருந்துக்கு அந்நோய் கட்டுப்படும் என்பதையும் ஆய்வுக்கூடத்தில் அறியலாம். மூன்றாம் ஊசி நிற்கவில்லையானால் நான்காம் ஊசி போடுமுன் சோதனை என்று ஒவ்வொரு வீட்டிலும் தீர்மானம் செய்துகொள்ள வேண்டும்.

இந்நோய்க்கு வித்திடுவது பெரும்பாலும் ஈன்ற நாளே. கன்று பிறந்து சில மணி நேரத்தில் நஞ்சுக்கொடி தானே விழுந்துவிடும். 12 மணி நேரம் கடந்தும் விழாவிடில் மருத்துவரை அழைக்கவேண்டும். கல்லையோ பழஞ்செருப்பையோ அதில் கட்டித் தொங்கவிடுவதும், அனுபவசாலி என்ற பெயரில் கழுவாத கையால் பற்றி இழுப்பதும் கருப்பையின் உட்சுவரைக் கிழித்து நோயை உள்ளே விதைப்பனவாம். ஈன்ற கருப்பை பழைய நிலைக்குச் சுருங்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகிறது. ஆகையால் ஈன்று 60 நாட்களுக்குப் பின் வரும் பருவத்தில் கருவூட்டல் தொடங்கி, 90 நாட்களுக்குள் சினைப்படுத்துவது நலம். சினைக்காலம் ஒன்பது மாதமும் சில நாட்களும் ஆதலின், இவ்வாறு செய்தால் ஆண்டுக்கொரு கன்று என்ற பழைய ஆசை ஏறத்தாழ நிறைவேறும்.

கருச்சிதைவு பற்றியும் ஒரு சொல். ஐந்தாம் மாதத்துக்குப் பின் கரு விழுந்தால் அதனை விதியென்று விட்டுவிடலாகாது. புருசெல்லா என்னும் கிருமியால் வரும் தொற்று நோயாக அஃது இருக்கலாம். அந்நோய் மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் உண்டாக்கும். விழுந்த கருவையும் நஞ்சையும் வெறுங்கையால் தொடாமல், நாய்க்கு எறியாமல், சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும். பாலைக் காய்ச்சாமல் பருகலாகாது. 4 முதல் 8 மாதம் வரை வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரே முறை தடுப்பூசி போட்டால் போதும். 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இத்தடுப்பூசி இடம்பெற்றிருக்கிறது. சங்கம் செய்யவேண்டுவது கன்றுகளின் பட்டியலைத் தயாராய் வைத்திருப்பது ஒன்றே.

நாட்டு வைத்தியத்தை நாம் பழிப்பவர் அல்லோம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி அவர்கள் மூலிகை முறைகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினார். தேசியப் பால்வள வாரியமும் அவற்றைப் பரப்பி வருகிறது. சினை நிற்காத பசுவுக்குப் பருவம் கண்ட முதல் அல்லது இரண்டாம் நாள் தொடங்கி, வெள்ளை முள்ளங்கி ஐந்து நாள், பின்னர் சோற்றுக் கற்றாழை, முருங்கைக் கீரை, பிரண்டை, மஞ்சளுடன் கறிவேப்பிலை ஆகியவற்றை ஒவ்வொன்றும் நான்கு நாள் என வெல்லமும் உப்பும் சேர்த்துக் கொடுப்பது அம்முறை. நம் தோட்டங்களிலேயே கிடைக்கும் பொருள்கள் இவை. எனினும் சீழ் கண்ட கருப்பைக்கும் நீர்க்கட்டிக்கும் சோதனையின்றி இதையே நம்பி மாதங்களைக் கழிப்பது சரியன்று. மருத்துவரிடம் காட்டி, அவர் சொற்படி இதனையும் கைக்கொள்வதே அறிவுடைமை.

இவையெல்லாம் கால்நடைத் துறையின் வேலை, கடன் கொடுக்கும் சங்கத்துக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். டென்மார்க் நாட்டின் சாம்சோ தீவில் 1936 ஆம் ஆண்டிலேயே விவசாயிகள் கூடிச் செயற்கைக் கருவூட்டலுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். முதல் ஆண்டிலேயே ஆயிரத்துக்கு மேற்பட்ட பசுக்களுக்கு அச்சங்கத்தின் வாயிலாகக் கருவூட்டல் நடந்தது. பசுவின் கருப்பை தனி ஒருவரின் அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று, கூட்டு முயற்சியால் காக்கத் தக்க முதல் என்பதை அத்தீவினர் அன்றே உணர்ந்தனர். பசுவை ஈடாகக் கொண்டு கடன் கொடுக்கும் நாம், அப்பசு காலியாய் நிற்பதைக் கவனியாதிருப்பது எவ்வாறு பொருந்தும்?

கணக்கையே பார்ப்போம். ஒரு பருவம் தவறினால் 21 நாள் போயிற்று. மூன்று தவறினால் 63 நாள். ஒரு நாள் தீனிக்கு நூறு ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 6,300 ரூபாய் கரைகிறது. வராத பாலும் பிறவாத கன்றும் இதில் சேரவில்லை. காங்கேயம் பசு வைத்திருப்போர்க்கு இந்நஷ்டம் இன்னும் கடுமையானது. செந்நிறத்தில் பிறந்து ஆறு மாத அளவில் நிறம் மாறும் அக்கன்றுதான் அவர்களது வருமானம், பால் இரண்டாம்பட்சம். கன்றில்லாத ஆண்டு அவர்களுக்கு விளைவில்லாத ஆண்டேயாம். பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்தில் பேணப்பட்டுப் பெயர் பெற்ற இவ்வினத்தின் நல்ல தாய்ப் பசுக்கள், ஊமைப் பருவத்தைக் காணத் தவறியதற்காகச் சந்தைக்குப் போவதும் அங்கிருந்து அடிமாடாய்ப் போவதும் ஒரு குடும்பத்தின் நஷ்டத்தோடு முடிவதில்லை. வட்டாரத்தின் வித்தே அதனால் குறைகிறது.

நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, மாட்டுக் கடன் பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் சங்கம் ஒரு சினை அட்டை அச்சிட்டுக் கொடுக்கவேண்டும். ஈன்ற நாள், நஞ்சு விழுந்த நேரம், பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், சோதித்த முடிவு ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். மாட்டைக் கவனிப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியாதலால் அட்டை அவர் கைக்கே போகவேண்டும். இரண்டாவது, ஊசி போட்ட இரண்டு மூன்று மாதத்துக்குள் சினைச் சோதனை. இதனைக் கடன் விண்ணப்பத்தின் நிபந்தனைகளுள் ஒன்றாக்கலாம். மூன்றாவது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சங்க வளாகத்தில் மலட்டுத்தன்மை நீக்க முகாம். கால்நடைத் துறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வருகிறது. அட்டையும் மாடும் ஒருங்கே இருந்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்ததாகும். நான்காவது, சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து விதிகள் இடங்கொடுக்கும் அளவில் தாது உப்புக் கலவை வாங்கி அடக்க விலைக்கு வழங்குதல்.

நெசவாளியின் வீட்டுக்கு நிலுவை கேட்கச் சென்ற நாளில் நம் கையில் கடன் பேரேடு இருந்தது. அந்த வீட்டில் சினை அட்டை ஒன்று தொங்கியிருந்தால், அதற்கு எட்டு மாதம் முன்னரே வேறு காரியத்துக்காக, ஒரு மருத்துவருடன் நாம் அங்குச் சென்றிருப்போம். அம்மாடும் அவ்வீட்டில் இருந்திருக்கும், தவணையும் தவறியிராது. கடன் வசூல் என்பது கெடு முடிந்தபின் தொடங்கும் வேலையன்று. கட்டுத்தரையில் பசு கத்தும் விடியற்காலையிலேயே அது தொடங்குகிறது. வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவரேனும் எழுந்து, “நம் சங்கத்தில் கடன் பெற்ற பசுக்களில் எத்தனை இன்று சினை?” என்று கேட்பாராக. அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடிய சங்கம், வசூலைப் பற்றி அஞ்ச வேண்டியிராது.